எலுமிச்சம்பழ நேரமும் அழுத நேரமும்

1971ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் தேதி, புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணி ஐம்பத்திரண்டு நிமிடம். முந்தின இரவு பதினோரு மணிக்குப் பிடித்த மழை விடவில்லை. காற்று இல்லை, இடி இல்லை, நேராக ஊற்றிக்கொண்டிருந்தது. குருவிநத்தத்தில் எங்கள் வீட்டு உள்ளறைக் கதவு நான்கு விரற்கடை திறந்தது. ஒரு எலுமிச்சம்பழம் உருண்டு வந்து என் கால் பெருவிரலில் இடித்து நின்றது.

வெளியே காத்திருப்பவனுக்கு நேரம் தெரிவிக்க எங்கள் பக்கத்தில் அதுதான் வழி. குழந்தையின் தலை வெளியே வந்தவுடன் மருத்துவச்சியோ கூட இருப்பவளோ பழத்தை உருட்டிவிடுவார்கள். அந்த நேரத்தை வைத்துத்தான் ஜாதகம் கணிப்பார்கள். நான் கைக்கடியாரத்தைப் பார்த்து, சட்டைப்பையிலிருந்த சீட்டில் 3.52 என்று எழுதினேன். என் கடியாரம் நாளுக்கு இரண்டு நிமிடம் வேகமாக ஓடும். அன்று காலையில்தான் ரேடியோ மணிக்குச் சரிசெய்திருந்தேன். ஆகவே நேரத்தில் பிழை கிடையாது.

பிறகு அழுகைக்குக் காத்திருந்தேன். உள்ளே தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. உள்ளங்கையால் தட்டும் சத்தம் கேட்டது. என் அக்கா சாமி பெயர்களை வரிசையாகச் சொல்வது கேட்டது. குழந்தையின் சத்தம் மட்டும் இல்லை. பெரிய முள் ஒவ்வொரு கோடாகத் தாண்டியது. மூன்று ஐம்பத்தொன்பதுக்கு, நனைந்த பூனைக்குட்டி போல ஒரு குரல் வந்தது. அதையும் எழுதினேன். கழித்துப் பார்த்தால் ஏழு நிமிடம்.

மருத்துவச்சி கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"ஆம்பளப் புள்ள சார். கொஞ்சம் தாமசமா மூச்சு வுட்டான். வாயில ஊதி ஊதி என் தாடையே வுட்டுப்போச்சு. வெளிய சொல்லிக்கினு இருக்காதீங்க."

பின்னாலேயே அக்கா வந்தாள். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள், புருஷனை இழந்து எங்களோடு இருந்தவள், வீட்டுச் சாவி அவள் இடுப்பில்தான் இருக்கும்.

"உடனே அழுதான்னு சொல்லுடா தம்பி. நாளைக்கிப் பொண்ணு குடுக்குறவன் ஆயிரம் கேள்வி கேப்பான்."

"பொறந்து கால் மணி நேரம் ஆவல. அதுக்குள்ள பொண்ணா?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. சொல்றதச் சொல்லு."

உள்ளே போனேன். மனைவி பாதி மயக்கத்தில் கிடந்தாள். உதடு வெள்ளையாக இருந்தது.

"இன்னாங்க, அழுதானா? எனக்கு ஒண்ணுமே கேக்கல."

"உடனே அழுதான். நீ மயக்கத்துல இருந்த" என்றேன்.

அந்தப் பொய்யை ஆறு வருடம் ஏழு மாதம் வைத்திருந்தேன். ஏழு நிமிடத்தைச் சொன்னால், அதற்கு முந்தின தொண்ணூறு நிமிடத்தையும் சொல்ல வேண்டி வரும்.

அன்று காலை ஒன்பது மணிக்கு வலி எடுத்தது. மாதம் முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது. பதினொன்றரைக்கு மருத்துவச்சி என்னைக் கூப்பிட்டு, "பனிக்கொடம் ஒடஞ்சிப்போச்சு சார், வலியும் கொறையுது, பெரியாஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயிடுங்க" என்றாள். அப்போது பாகூர்க் கடைத்தெருவில் மளிகை வைத்திருந்த பாயின் வேன் எங்கள் தெருமுனையில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்க் கேட்டேன். மறு பேச்சில்லாமல் வண்டியைத் திருப்பி வாசலில் கொண்டுவந்து நிறுத்தி ஹாரன் அடித்தார். மணி பதினொன்று ஐம்பத்தெட்டு.

அக்கா வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். "புதன்கெழம பன்னண்டுலேந்து ஒண்ணரை ராகுகாலம். தலைச்சன் புள்ளைய வயித்துல வச்சிக்கினு ராகுகாலத்துல வாசப்படி தாண்டுறதா? ஒண்ணரைக்குப் போலாம்."

"ஏறுங்க சார். நம்ம வண்டிக்கு ராகுகாலம் கெடையாது" என்றார் பாய். மழையில் தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றார்.

நான் பள்ளி இறுதி வகுப்பை முதல் தரத்தில் தேறியவன். அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. வாசலில் நின்று கடியாரத்தைப் பார்த்தேன். இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது, அதற்குள் ஏற்றிவிடலாமா என்றுதான் கணக்குப் போட்டேன். ஏற்ற முடியாது என்று தெரிந்ததும் பாயிடம், "ஒண்ணரைக்கு வாங்க பாய்" என்றேன். அவர் ஹாரனை இன்னொரு முறை அழுத்தினார். "நீங்க படிச்சவரு" என்றார். போய்விட்டார். ஒன்றரைக்கு வரத்தான் கிளம்பியிருக்கிறார். ஏரி வாய்க்கால் உடைத்துக்கொண்டு சாலையில் இடுப்பளவு தண்ணீர். வண்டி திரும்பிப் போய்விட்டது.

நான் வேலை பார்த்த நகராட்சி அலுவலகத்தைக் கிழவர்கள் அப்போதும் பிரெஞ்சுக்காரன் காலத்துப் பெயரில் மேரி என்றுதான் சொல்வார்கள். என் மேசையில் இருந்தது பிறப்புப் பதிவேடு. அதில் பிறந்த மணிக்கும் ஒரு கட்டம் உண்டு. பழைய காலத்திலிருந்து வேலை பார்த்த தலைமைக் குமாஸ்தா எனக்குப் பழக்கிவிட்ட முதல் பாடம் இது: "பழம் உருண்ட நேரம் ஜோசியனுக்கு, அழுத நேரம் சர்க்காருக்கு. அழாத புள்ளைய உயிரோட பொறந்ததா நீ எழுதக்கூடாது." பத்து வருடம் அப்படியே எழுதினேன். பதிவுக்கு வருகிறவர்களிடம், "அழுத நேரத்தைச் சொல்லுங்க" என்று கேட்டுத்தான் எழுதுவேன். பெரும்பாலும் இரண்டு நேரமும் ஒன்றாகவே இருக்கும். சிலருக்கு ஒரு நிமிடம் தள்ளும். என் பிள்ளைக்குப் பதிவேட்டில் 3.59 என்றும், ஜாதக நோட்டின் முதல் வரியில் 3.52 என்றும் எழுதினேன். இரண்டும் என் கையெழுத்து. கை தானாகவே எழுதிவிட்டது. இரண்டையும் ஒருவர் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கக்கூடும் என்று தோன்றவே இல்லை.

மூன்றாம் நாள் சுகாதார நிலையத்து நர்சம்மா வந்து தராசில் போட்டாள். ஒரு கிலோ தொள்ளாயிரத்து ஐம்பது கிராம். அன்றே கண்ணும் தோலும் மஞ்சளாகிவிட்டன. பத்து நாள் காலை வெயிலில் காட்டினோம். மழைக்காலமாதலால் அதில் நான்கு நாள்தான் வெயில் வந்தது.

மற்றப் பிள்ளைகள் எப்போது நடந்தார்கள், எப்போது பேசினார்கள் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. நான் எழுதினேன். நடந்தது ஒரு வருடம் ஐந்து மாதத்தில். இரண்டு வயதில் வார்த்தை இல்லை. மூன்று வயதில் ஐந்து வார்த்தை: மா, பா, தா, காக்கா, பூ. நான்கு வயதில் பத்தொன்பது. எதிர்வீட்டுப் பெண் அவனைவிட எட்டு மாதம் இளையவள். அவள் வார்த்தைகளை ஒரு நாள் எண்ண உட்கார்ந்து, நூற்றிருபதில் நிறுத்திவிட்டு எழுந்து வந்துவிட்டேன். நாக்கில் வசம்பு தேய்த்தோம், தேன் தடவினோம். எல்லாம் புரிந்துகொள்வான். சொம்பைக் கொண்டுவா என்றால் சொம்பு வரும். வார்த்தை வராது. தெருப் பிள்ளைகள் "ஊமக்கோட்டான்" என்று கூப்பிட்டால் அதற்கும் சிரித்துக்கொண்டு ஓடுவான்.

ஐந்தரை வயதில் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப்போனேன். தலைமையாசிரியர் நல்லவர்தான். "மூளை வளர்ச்சி இல்லாத பிள்ளையா, பேச்சு மட்டும் வராத பிள்ளையான்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. அதுக்கப்புறம் பார்ப்போம்" என்றார். நான் ஒரு வருடம் போகவில்லை. டாக்டர் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும் போலிருந்தது.

இதற்குள் வீட்டில் குற்றவாளி யார் என்பது முடிவாகிவிட்டது. மனைவி ஐந்து மாதமாக இருந்தபோது ஒரு பித்தளைக் குடம் காணாமல் போய், அதை அக்கா ஒரு மாதிரியாகக் கேட்டுவிட்டாள். மனைவி அவளோடு பேசுவதை நிறுத்தினாள். குடம் வண்ணார வீட்டிலிருந்து திரும்பி வரும் வரை நாற்பத்தொரு நாள், அவளிடம் மட்டுமில்லை, வீட்டில் யாரிடமுமே அதிகம் வாய் திறக்கவில்லை. பிள்ளைக்குப் பேச்சு வராத பிறகு அக்கா அதைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"வயித்துல புள்ளைய வச்சிக்கினு உம்முனு கெடந்தா புள்ள எங்கேந்து பேச்சு கத்துக்கும்? வாய மூடிக்கினு பெத்தா வாய மூடிக்கினுதான் பொறக்கும்."

இதைக் கிணற்றடியில் சொல்வாள், கல்யாண வீட்டில் சொல்வாள். என் மனைவி மறுத்துப் பேசியதே இல்லை. அவளும் அதை நம்பினாள் என்பது எனக்குத் தெரியும். அரிசி களையும்போதும் சாணி தட்டும்போதும் பிள்ளையை அருகில் உட்காரவைத்து விடாமல் பேசிக்கொண்டே இருப்பாள், கடனை அடைப்பவள் போல. தொண்டை கட்டிக்கொள்ளும். கேட்டுக்கொண்டு நான் நாளிதழ் படிப்பேன். ஏழு நிமிடம் என்ற ஒரு சொல் சொன்னால் அவள் நிறுத்தியிருப்பாள். சொல்லவில்லை.

1978 ஜூன் மாதத்தில் பள்ளி திறந்ததும் தலைமையாசிரியர் இரண்டாம் முறை திருப்பி அனுப்பினார். அதற்கு மேல் தள்ள முடியாமல் புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு டாக்டரம்மா. முதலில் பையனைக் காதுச் சோதனைக்கு அனுப்பினார். காதில் குறை இல்லை. பிறகு எங்களை உட்காரவைத்து, அச்சடித்த தாளை எடுத்து வரிசையாகக் கேட்டார். இருபத்தாறு கேள்வி.

"கர்ப்பத்துல ரத்தம் கம்மின்னு சொன்னாங்களா?"

"நர்சம்மா முப்பது மாத்திரை குடுத்தாங்க" என்றேன்.

"சாப்பிட்டீங்களா அம்மா?"

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அந்த மாத்திரை தின்றால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்று அக்கா சொல்லியிருந்தாள். ஒன்பதுதான் தின்றாள். மீதி இருபத்தொன்று அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்தது. நான் எண்ணிப் பார்த்தேன். எண்ணிவிட்டு அங்கேயே வைத்தேன்.

மாதம், எடை, மஞ்சள், ஜன்னி எல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் கிராம் சுத்தமாகச் சொன்னேன். அவருக்கே ஆச்சரியம். பிறகு கேட்டார்:

"பொறந்ததும் உடனே அழுதானா?"

"உடனே அழுதான்."

பழகிப்போன வாய். டாக்டரம்மா எழுதிக்கொண்டார். அப்போதுதான் என் மனைவி, யாரும் கேட்காமலே, சொன்னாள்:

"டாக்டரம்மா, அஞ்சாம் மாசத்துல நான் நாப்பத்தோரு நாளு பேசாம இருந்தேன். வூட்ல சண்ட. அதனாலதானா?"

டாக்டரம்மா பேனாவை வைத்தார். "யாரும்மா சொன்னது?"

"எல்லாரும்."

"ரெண்டாவது பிள்ளை வயித்துல இருந்தப்போ நான் என் மாமியார்கிட்ட ஆறு மாசம் பேசவே இல்ல. அவன் வாயை மூட வைக்கத்தான் இப்போ வைத்தியம் தேடறேன்" என்றார். மனைவி சிரிக்கவில்லை. நம்பினாளா என்றும் தெரியவில்லை.

வயதுக்குச் சான்று வேண்டும், அடுத்த செவ்வாய்க்கிழமை பிறப்புச் சீட்டைக் கொண்டுவாருங்கள் என்றார். நான் பதிவேட்டிலிருந்து நகல் எடுத்துக்கொண்டேன். மனைவியும் தன் பையில் எதையோ வைத்தாள். நான் கேட்கவில்லை.

அடுத்த செவ்வாய், ஜூன் 20. பையன் ஜன்னல் கம்பியை எண்ணுவது போல ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு நின்றான். நான் நகலை மேசையில் வைத்தேன். மனைவி பையிலிருந்து மஞ்சள் தடவிய ஜாதக நோட்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

"பொறந்த நேரம் இதுல சரியா இருக்கும் டாக்டரம்மா. இவரு ஒரு நிமிஷம் வுடமாட்டாரு."

டாக்டரம்மா மரியாதைக்காக நோட்டைத் திறந்தார். நகலைப் பார்த்தார். மறுபடி நோட்டைப் பார்த்தார்.

"சார், இதுல 3.52 இருக்கு. அதுல 3.59 இருக்கு. எது சரி?"

எழுதும்போது தப்பிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். எல்லா அலுவலகத்திலும் தப்புகிறது. நம்பியிருப்பார். என் மனைவியும் நம்பியிருப்பாள், இல்லை, நம்பியிருக்க மாட்டாள். நான் பிழை விடமாட்டேன் என்று இப்போதுதான் வாயால் சொல்லியிருந்தாள். களைப்பாக இருந்தது. வருடக் கடைசியில் பதிவேட்டை மூடும்போது முதுகில் வருமே, அந்தக் களைப்பு.

"ரெண்டும் சரிதான்" என்றேன்.

பழம் உருண்டதைச் சொன்னேன். ஏழு நிமிடத்தைச் சொன்னேன். டாக்டரம்மா முந்தின வாரத்துத் தாளை எடுத்து, "உடனே" என்பதை அடித்துவிட்டு எழுதினார். முகத்தில் கோபம் இல்லை.

"இதுதான் காரணம்னு ஒண்ணைக் கைகாட்ட முடியாது சார். மாசத்துக்கு முன்னாடி பொறந்தான். எடை கம்மி. அம்மாவுக்கு ரத்தம் கம்மி. லேட்டா அழுதான். மஞ்சள் வந்துச்சு. இத்தனையும் இருந்து நல்லா பேசற பிள்ளைங்க இருக்காங்க. ஒண்ணுமே இல்லாம பேச்சு வராத பிள்ளைங்களும் இருக்காங்க. எல்லாம் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சம் பாதிச்சிருக்கலாம். ஆனா மூளை வளர்ச்சி இல்லாத பிள்ளை இல்ல இவன். அதை நான் எழுதித் தரேன்." பிறகு மனைவியைப் பார்த்து, "நீங்க சண்டை போட்டதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. அதை மட்டும் நிச்சயமா சொல்றேன்" என்றார்.

மனைவி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அன்னிக்கி வாசல்ல ரெண்டு தபா ஹாரன் அடிச்சிதே. அது நமக்கு வந்த வண்டியா?"

வலியில் கிடந்தவளுக்கு அது கேட்டிருக்கும் என்று நான் நினைத்ததில்லை. அவளிடம் யாரும் சொல்லவில்லை.

"ஆமாம்" என்றேன்.

"எதுக்குத் திருப்பி அனுப்பனீங்க?"

"ராகுகாலம்."

அவ்வளவுதான் கேட்டாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் போனேன். மனைவி பேசாமல் இருந்ததால் இல்லை, டாக்டரே சொல்லிவிட்டார், நாம் காத்திருந்ததாலும் இருக்கலாம் என்றேன். முறத்தைக் கீழே வைக்காமலே அக்கா சொன்னாள்:

"நான் படிக்காதவ, சொன்னேன். கையில கடியாரம் கட்டிக்கினு நின்னவன் நீதான."

சொல்லிவிட்டு மறுபடி புடைக்கத் தொடங்கினாள். ஆனால் நாற்பத்தொரு நாள் கதையை அக்கா அதற்குப் பிறகு எங்கும் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

டாக்டர் சீட்டைக் காட்டியதும் தலைமையாசிரியர் பையனைச் சேர்த்துக்கொண்டார். பேச்சுப் பயிற்சி தொடங்கியது. முதலில் வாரம் ஒரு நாள், பிறகு மாதத்துக்கு ஒரு நாள். செய்வதையெல்லாம் சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்ல வேண்டும், அவனுக்குப் பதிலாக நாம் பேசிவிடக் கூடாது, கேள்வி கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து எண்ணிக் காத்திருக்க வேண்டும் என்றார்கள். எண்ணுவது என் வேலை. பத்துக்குள் வராது. இருபது, முப்பது வரை எண்ணுவேன். சில நாள் தொண்ணூறு வரை எண்ணியிருக்கிறேன்.

மனைவிக்கு வேறு வழி கிடைத்தது. என்னோடு பேசாதவள், எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் பையனிடம் சொல்லி அனுப்பினாள்.

"அப்பாகிட்ட சோறு ஆறுதுன்னு சொல்லு."

அவன் என் எதிரில் வந்து நிற்பான். வாயைத் திறப்பான், மூடுவான். நான் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிடும். அவளும் எண்ணுகிறாள் என்று தெரியும். முதல் வாரத்தில் "சோ" வந்தது. ஒரு மாதத்தில் "பா, சோறு." ஐம்பத்திரண்டாம் நாள், வியாழக்கிழமை, "அப்பா சோறு ஆதுது" என்றான். மூன்று வார்த்தை. நான் எழுந்து போய் உட்கார்ந்தேன். அவள் பரிமாறினாள். குழம்பு நிஜமாகவே ஆறியிருந்தது.

அவள் பேச்சை நிறுத்தி நூற்றுப்பதின்மூன்றாம் நாள், நான் அலுவலகத்துக்குக் கிளம்பும்போது, பையன் பள்ளிக்கூடம் போய்விட்டிருந்தான், சொல்லி அனுப்ப ஆள் இல்லை. வடகிழக்கே இருட்டிக்கொண்டு வந்தது. "கொடைய எடுத்துக்குங்க" என்றாள். குடையை எடுத்துக்கொண்டேன்.

இன்று அவனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. மோட்டார் பம்பு பழுது பார்க்கிறான். நீளமாகப் பேசமாட்டான், அவசரத்தில் வார்த்தை முன்பின்னாகும், போனில் பேசப் பிடிக்காது. கேள்வி கேட்டால் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வான். நான் இப்போதும் எண்ணுகிறேன்.

அவனைப் பற்றி நான் எழுதி வைத்த பழைய நோட்டுகளைப் போன வாரம் எடுத்துக் கணக்கை முடித்தேன். நான்கு வருடத்தில் எழுபத்தொரு தடவை ஆஸ்பத்திரி. வைத்தியத்துக்குக் காசு வாங்கவில்லை. மூன்று பேருக்குப் பஸ் கட்டணம் 412 ரூபாய் 30 பைசா. டீ, பன் 85 ரூபாய் 20 பைசா. சம்பளம் இல்லாத விடுப்பு பத்தொன்பது நாள், 266 ரூபாய். படப் புத்தகம், வாயசைவு பார்க்க ஒரு கைக்கண்ணாடி 23 ரூபாய் 40 பைசா. நூற்றுப்பதின்மூன்று நாளை எந்த வரியில் எழுதுவதென்று தெரியாமல் விட்டுவிட்டேன். ஆக மொத்தம் 786 ரூபாய் 90 பைசா.